‘டேப்’ங்கிற வார்த்தைய வேர் வரைக்கும் தோண்டுறது எப்படி

மலேசியால சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்ல டியூஷன் எடுக்குறவங்க, வீட்டுல பிள்ளைங்களுக்கு இங்லீஷ் சொல்லிக் குடுக்குற அம்மா அப்பா, உங்களுக்காகத்தான் இது. ஒரு வார்த்தைக்கு டிக்ஷனரில பத்து அர்த்தம் இருந்தா பிள்ளைங்க பத்தையும் மனப்பாடம் பண்ண உக்காந்துடுதுங்க, பரீட்சை முடிஞ்சதும் எல்லாம் காலி. அதுக்கு பதிலா அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தேட பழக்குங்க. நான் இங்க எடுத்துக்குறது டேப். ஒட்டுற டேப் இல்லங்க, டி ஏ பி, ரப்பர் டேப்பர்னு சொல்றோமே அந்த டேப்.

மொதல்ல டிக்ஷனரிய மூடி வைங்க. இந்த வார்த்தைய எங்கெங்க கேட்டிருக்கீங்கன்னு பிள்ளைங்ககிட்ட கேட்டு ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லுங்க. குசினில தண்ணி வர்றது (நாம பைப்புன்னுதான் சொல்வோம், ஸ்கூல் புக்குல டேப்), பால் மரம் வெட்டுற டேப்பர், தென்னைல கள்ளு இறக்குறவரையும் இங்லீஷ்ல டேப்பர்தான், டோல்ல கார்டு டேப் பண்றது, போன டேப் பண்ணி ஒட்டுக் கேக்குறது, டேப் டான்ஸ், சயின்ஸ் புக்குல டேப் ரூட். இவ்ளோ போதும்.

இப்ப டிக்ஷனரிய தொறங்க. நல்ல டிக்ஷனரில வார்த்தைக்கு பக்கத்துல குட்டியா 1, 2ன்னு நம்பர் போட்டிருக்கும், நெறைய பேரு இத கவனிக்கிறதே இல்ல. அந்த நம்பர் அர்த்தத்தோட நம்பர் இல்ல, எழுத்து ஒண்ணா இருந்தாலும் இது வேற வார்த்தை, பொறந்த எடமே வேறன்னு அர்த்தம். கைப்பேசில இருக்குற சின்ன ஆப்ல இது பெரும்பாலும் இருக்காது, அதனால வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்ற எட்டிமான்லைன்னு (etymonline.com) ஒரு வெப்சைட் இருக்கு, ஓசிதான், அதுல போய் பாருங்க.

டேப்புக்கு பாத்தீங்கன்னா முக்கியமா ரெண்டு வார்த்தை.

ஒண்ணாவது டேப் பழைய இங்லீஷ்லயே இருந்தது. பீப்பாய் ஓட்டைல அடைச்சு வைக்கிற கட்டைதான் அது, புடுங்கினா பீர் ஊத்தும், திரும்ப அடைச்சா நிக்கும். அப்புறம் அந்த கட்டைய புடுங்கி ஊத்துற வேலைக்கும் அதே பேரு, கட்டை இருந்த எடத்துல திருகுற பைப்பு வந்தப்பவும் பேரு மாறல. பீப்பாய்க்கு சொன்னத மரத்துக்கும் சொன்னாங்க, உள்ள ஏதோ இருக்கு, சின்னதா வழி விட்டா வரும், அவ்ளோதான் கணக்கு. 1888ல சிங்கப்பூர் பொட்டானிக் கார்டனுக்கு வந்த ரிட்லிங்கிறவரு மரத்த சாகடிக்காம பட்டைய மெலிசா சீவி திரும்பத் திரும்ப பால் எடுக்குற வழிய காட்டினாரு, அதுக்கப்புறம்தான் இந்த டேப்பிங் நம்ம ஆளுங்களோட காலை வேலையாவே ஆயிடுச்சு. அந்த ஆரம்ப காலத்து மரம் ஒண்ணு பக்கத்துல கோலகங்சார்ல இன்னும் நிக்குது, லீவு நாள்ல பிள்ளைங்கள கூட்டிட்டு போய் காட்டுங்க, பாடம் தானா மண்டைல ஏறும்.

அடுத்து, எழுதி வச்ச ஒவ்வொண்ணையும் இந்த கணக்குல போட்டு பாக்கச் சொல்லுங்க: மூடியிருக்குறதுல சின்ன வழி விட்டு உள்ள உள்ளத எடுக்குறாங்களா? பால், கள்ளு, பாஸ். டாக்டர் முதுகெலும்புல ஊசி போட்டு நீர் எடுக்குறாரே, அதுவும் பாஸ். போன் டேப்பிங்? தட்டுறதுன்னு பிள்ளைங்க சொல்லும். இல்ல, 1861லருந்து 1865 வரைக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டு சண்டைலயே தந்திக் கம்பில இன்னொரு கம்பிய சேத்து செய்திய உறிஞ்சினாங்க, அதனால அதுவும் இந்தக் கூட்டம்தான்.

டேப் ரூட்லதான் எல்லாரும் விழுவாங்க. தண்ணிய உறிஞ்சுது, அதான் டேப்புன்னு தோணும், ஆனா பேரு வந்தது உருவத்தால, மேல தடிச்சு கீழ கூர்மையா அந்த பீப்பாய் கட்டை மாதிரியே இருக்கும். நாம ஆணிவேர்னு சொல்றதும் உருவத்த பாத்துதானே, எனக்கு இந்த ஒத்துமை ரொம்ப புடிக்கும்.

ரெண்டாவது டேப்புக்கு இவ்ளோ கதை இல்ல. பிரெஞ்சுல தட்டுறதுக்கு இருந்த வார்த்தைல இருந்து வந்தது, சத்தத்த வச்சே பொறந்திருக்கணும். தோள தட்டுறது, ஷூவால தரைய தட்டி ஆடுற டேப் டான்ஸ், டோல்ல தட்டுற டச் அண்ட் கோ கார்டு எல்லாம் இதுல போட்டுடுங்க.

கொஞ்சம் பெரிய பிள்ளைங்கன்னா டாட்டூவையும் குடுங்க. ராணுவத்துல ராத்திரி டிரம் அடிக்கிறதுக்கும், அதுலருந்து வந்த பேண்டு அணிவகுப்புக்கும் டாட்டூன்னு பேரு, அது டச்சு வார்த்தை, பீப்பாய் டேப்ப மூடுன்னு அர்த்தம், அதாவது சிப்பாய்ங்க குடிச்சது போதும் கெளம்புங்கடான்னு சொல்றது. கைல குத்திக்குற டாட்டூ வேற, பசிபிக் தீவு மக்களோட வார்த்தை, 1769ல கேப்டன் குக் கப்பல் தாஹித்தி போனப்ப இங்லீஷ்காரங்க எழுதி வச்சுக்கிட்டது. இங்கயும் ரெண்டு வார்த்தை ஒரு எழுத்துல.

ஒரு விஷயத்துல உஷாரா இருங்க. வாட்சாப்ல வர்ற வார்த்தைக் கதைய அப்படியே சொல்லிக் குடுத்துடாதீங்க, முக்கியமா முதலெழுத்த சேத்து வந்துச்சுன்னு சொல்ற கதைங்க. கடைல குடுக்குற டிப்ஸு ஏதோ மூணு வார்த்தையோட முதலெழுத்துன்னு சுத்திக்கிட்டு இருக்கு, சுத்தப் பொய்லா. முதலெழுத்த சேத்து வார்த்தை பண்றது 20ஆம் நூற்றாண்டுக்கு முன்னாடி ரொம்ப அபூர்வம், டிப் அதுக்கெல்லாம் முன்னாடியே இருக்கு.

அடுத்த கிளாஸுக்கு பி ஏ ஆர் கே, பார்க் குடுங்க. பால் மரத்துப் பட்டையும் அதான், நாய் குரைக்கிறதும் அதான். ஒரே வார்த்தையா, ரெண்டான்னு மட்டும் கேளுங்க, பதில சொல்லிடாதீங்க, பாய்மரக் கப்பலுக்கும் அந்தப் பேரு இருக்குன்னு தேடி வர்ற பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்க.