மலைக் குளிரில் மட்கு உரம்: நகரக் குப்பையை நுண்ணுயிர்களால் மட்கச் செய்வது எப்படி?

சமவெளியில் ஒன்றரை, இரண்டு மாதங்களில் மட்கிவிடும் காய்கறிக் கழிவு, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அதைவிட வெகுநாள் பாதி அழுகலாகவே கிடப்பதைக் காண்பவர்கள், தாங்கள் வாங்கி ஊற்றிய நுண்ணுயிர்க் கரைசலைத்தான் முதலில் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை கரைசலில் இருப்பதில்லை. மட்கச் செய்யும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் கழிவிலேயே ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. அவை தம் உழைப்பால் உண்டாக்கும் சூடு குவியலைவிட்டு வெளியேறிவிடாமல் காப்பதே மலையில் நமக்குள்ள முதன்மையான வேலை.

வீடுகளிலும் சந்தையிலும் மக்கும் குப்பையைத் தனியாகப் பிரித்து வாங்குவது அடிப்படை. பூமாலையின் நைலான் நூல்வரை பொறுக்கி எடுத்துவிட வேண்டும். மீன், இறைச்சிக் கழிவைக் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் திறந்த கூடத்தில் சேர்க்கவே கூடாது. வாசனை பிடித்துக் கரடி வந்துவிடும்.

முட்டைக்கோஸ் இலை, கேரட் தழை, பீட்ரூட் தோல் ஆகியவற்றில் நீரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மிகுதி. நுண்ணுயிர்களுக்கோ ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் (கார்பன்) வேண்டும் என்பதால், ஒரு கூடை ஈரக் கழிவுக்கு ஒரு கூடைக்குக் குறையாமல் சருகு, மரத்தூள், கிழித்த அட்டைப்பெட்டி போன்ற கரிமம் மிகுந்த காய்ந்த பொருளைக் கலக்க வேண்டும். ஒரு ஜூலை மழையில் சருகு கிடைக்காமல் வெறும் கோஸ் இலைகளைக் குவித்துவிட்டு, சில நாட்களில் அது கொழகொழவென்று சேறாகி நாறியதை அள்ளிக் கொட்டியவன் நான். அதன் பிறகு கோடையிலேயே சருகைச் சாக்குகளில் கட்டி வைத்துக்கொள்கிறேன். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை நம் மலையில் எங்கும் கிடைக்கும் என்றாலும், அதிலுள்ள எண்ணெய் நுண்ணுயிர்களை மந்தப்படுத்துவதால், அதைச் சில மாதங்கள் வெளியில் போட்டு வெயிலும் மழையும் பட்ட பிறகு கொஞ்சமாகச் சேர்ப்பதே நல்லது.

இ.எம். எனப்படும் பயன்தரும் நுண்ணுயிர்க் கரைசலைப் பயன்படுத்துவோர், ஒரு லிட்டர் கரைசலையும் ஒரு கிலோ வெல்லத்தையும் 20 லிட்டர் நீரில் கலந்து, மூடிய பிளாஸ்டிக் கேனில் ஏழு நாட்கள் வைத்து, நாள்தோறும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். குளிர் மாதங்களில் ஏழு நாட்கள் போதாது. கேனைச் சமையலறையில் அடுப்புக்கு அருகில் வைத்து, புளிப்பும் இனிப்பும் கலந்த வாசனை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே சேர்க்க வேண்டும், இல்லையெனில் காசு கொடுத்து வாங்கிய உயிர்களை நாமே கொன்றவர்களாவோம். கரைசல் கிடைக்காவிட்டால் சாணக் கரைசலும் முந்தைய குவியலின் மட்கிய உரமும் போதும். என் அனுபவத்தில் பழைய உரமே மேலானது, ஏனெனில் அதிலுள்ளவை இந்தக் குளிருக்குப் பழகியவை.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும்; உதகையில் ஒன்றரை மீட்டராக வைப்பதே பாதுகாப்பு. அடியில் காற்றுப் புகச் சுள்ளிகளைப் பரப்பி, அதன்மேல் ஈரக் கழிவையும் சருகையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் கரைசலைத் தெளிக்க வேண்டும். கலவையைக் கையில் எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் கசிவதே சரியான ஈரம். மேலே கூரையும், சுற்றிலும் காட்டெருமை முட்டினால் தாங்கும் வேலியும் அவசியம். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் குவியலைச் சருகாலும் இரட்டைச் சாக்காலும் போர்த்த வேண்டும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினால் சூடு நிற்கும், ஆனால் மூச்சு முட்டிப்போகும்.

ஒரு கம்பியைக் குவியலின் நடுவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். சில நொடிகளுக்குமேல் பிடிக்க முடியாமல் கை சுட்டால் வேலை நடக்கிறது என்று பொருள். வெப்பமானியில் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூடு மூன்று நாட்களாவது நிற்க வேண்டும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அதில்தான் மடியும். 65 டிகிரியைத் தாண்டினால் நமக்கு வேண்டியவையும் சாகத் தொடங்கும் என்பதால் உடனே கிளற வேண்டும். மற்றபடி வாரம் ஒருமுறை, ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வருமாறு, வெயில் ஏறிய நண்பகலில் கிளறினால் போதும். பனிக்காலத்து விடியலில் கிளறியதும் ஆவி புகையாக எழுவது பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு வாரம் சேர்த்த சூடு அப்படியே வீணாகும்.

மூக்கைச் சுள்ளென்று தாக்கும் அமோனியா நெடி வந்தால் சருகைக் கூட்டுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. சருகு சேர்த்துக் கிளறுங்கள். நெடியே இல்லாமல் உள்ளே சாம்பல் பூத்தாற்போல் உலர்ந்திருந்தால் நீர் தெளியுங்கள்.

கிளறிய பின்னும் சூடு ஏறாத நிலை வந்ததும், குறைந்தது ஒரு மாதம் ஆறவிட வேண்டும். பிறகு உரத்தைச் சம அளவு மண்ணுடன் கலந்து ஒரு தொட்டியிலும், வெறும் மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, இரண்டிலும் கடுகு விதையுங்கள். உரமிட்ட தொட்டியில் முளைப்பு குறைந்தால் உரம் இன்னும் பக்குவப்படவில்லை. அதை உருளைக்கிழங்கு, கேரட் பாத்திகளில் இடக் கூடாது. முளைப்பு சரியாக இருந்தால் 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துச் சாக்கில் நிரப்பலாம். சல்லடையில் தங்கும் குச்சியும் கட்டியும் அடுத்த குவியலுக்கு உறைமோராகப் போகட்டும்.