ஆட்டோ எத்தனை பிக்சல்? பிக்சல் ஆர்ட்டில் அளவை முடிவு செய்யும் முறை

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரைச் சாலையை ஒரு சின்ன கேமுக்காக பிக்சலில், அதாவது சின்னச் சின்ன சதுரக் கட்டங்களை நிரப்பி, வரையப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நடைபாதையில் ஒருவர், ஓரமாக நிற்கும் ஆட்டோ, ஒரு பிஎம்டிசி நகரப் பஸ், டிபன் கடை, பின்னால் தூங்குமூஞ்சி மரம். ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபைலில் கைக்கு வந்த அளவில் வரைந்து, கடைசியில் ஒன்றுசேர்த்தால் ஆட்டோவுக்குள் ஆள் நுழையமாட்டார். பஸ் கடையைவிடச் சின்னதாக இருக்கும். உடனே ஆட்டோவை மட்டும் இழுத்துப் பெரிதாக்கத் தோன்றும். பெரிதாக்கினால் ஆட்டோவின் பிக்சல் ஒரு அளவு, ஆளின் பிக்சல் இன்னொரு அளவு என்றாகி, படம் ஒட்டுப்போட்ட துணிபோல் ஆகிவிடும். இந்தத் துறையில் இதற்கு மிக்சல் என்று பெயர். புதிதாக வரைபவர்களின் படங்களில் நிறத்துக்கும் நிழலுக்கும் முன்னால் கண்ணை உறுத்துவது இதுதான்.

வரையும் முன்பே அளவுகளை வரிசையாக முடிவு செய்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. முதலில் திரை, அடுத்து ஆள், ஆளை வைத்து மற்ற பொருள்கள், கடைசியில்தான் ஃபைலின் கேன்வாஸ். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: 'நியூ ஃபைல்' பெட்டி அகலம் உயரம் கேட்டதும் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டுத்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

சொற்களையும் பிரித்துக்கொள்வோம். கேன்வாஸ் என்றால் ஃபைலின் அகல உயரம். ஸ்ப்ரைட் என்றால் அதற்குள் வரையும் உருவம். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. டைல் என்றால் தரைக்கும் சுவருக்கும் திரும்பத் திரும்ப அடுக்கும் சதுரத் துண்டு.

படி 1: திரை

கேம் இல்லாமல் ஒரு படம் மட்டும் வரையப் பழகுகிறீர்கள் என்றால் இந்தப் படி வேண்டாம். 32×32 கேன்வாஸ் திறந்து நேராகப் படி 2க்குப் போய்விடுங்கள்.

கேமுக்கென்றால், சின்ன அளவில் வரைந்து அதை முழு எண்ணால் பெருக்கித் திரையை நிரப்புகிறோம். பெருக்கும் எண் 2, 3, 4, 6 என்று முழுசாக இருப்பது கட்டாயம். ஒன்றரை மடங்கு என்று வைத்தால் உங்கள் ஒரு பிக்சல் திரையில் 1 புள்ளியாகவும் பக்கத்துப் பிக்சல் 2 புள்ளியாகவும் விழும். ஒரே தடிமனில் போட்ட கோடுகளில் ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும் தெரியும். ஆள் நடக்கும்போது முகமே நெளியும்.

தொடக்கத்துக்கு 320×180 எடுத்துக்கொள்ளுங்கள். 4ஆல் பெருக்கினால் 1280×720, 6ஆல் 1920×1080, 8ஆல் 2560×1440, 12ஆல் 3840×2160. வழக்கமான அகலத்திரை அளவுகள் எல்லாவற்றிலும் மிச்சமில்லாமல் உட்காருகிறது. இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் 640×360. அதுவும் 2, 3, 4, 6 மடங்குகளில் இதே திரைகளுக்குப் பொருந்தும். 256×144 மட்டும் ஏமாற்றும் எண். 16 பிக்சல் டைல்கள் அதில் 16க்கு 9 என்று கச்சிதமாக அடங்கும், ஆனால் 1920ஐ 256ஆல் வகுத்தால் 7.5 வருகிறது.

320×180இலும் ஓர் இடறல் உண்டு. 180ஐ 16ஆல் வகுத்தால் 11.25, அதாவது 11 வரிசை டைல் போக 4 பிக்சல் மிஞ்சும். தரையைத் திரையின் அடியிலிருந்து அடுக்கிக்கொண்டு போங்கள். வெட்டுப்படும் கால்வாசி வரிசை மேலே வானத்தில் விழும், யாருக்கும் தெரியாது. மேலிருந்து அடுக்கினால் கீழே தார்ச்சாலை பாதியில் அறுந்து நிற்கும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கும் பழைய லேப்டாப்களில் 1366×768 திரை நிறையப் பார்க்கலாம். அதில் 320×180ஐ 4 மடங்காக்கி நிறுத்தினால் இடமும் வலமும் 43 புள்ளிகள், மேலும் கீழும் 24 புள்ளிகள் கருப்பாக மிஞ்சும். மிஞ்சட்டும். அதை நிரப்ப இழுத்தால் மேலே சொன்ன நெளிசல் வந்துவிடும். செங்குத்தாகப் பிடித்து விளையாடும் போன் கேம் என்றால் 180×400 எடுங்கள். 6 மடங்கில் 1080×2400 ஆகும்.

படி 2: ஆளின் உயரம்

மற்ற எல்லா அளவும் இதிலிருந்துதான் வரப்போகிறது. இங்கே அவசரப்படாதீர்கள்.

ஏரிக்கரையில் 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை நினைத்துக்கொள்ளுங்கள். கொண்டை, தாடி, ஓலைச்சுவடி, எழுத்தாணி என்று நாம் எல்லோரும் அறிந்த உருவம். 8×8இல் மொத்தம் 64 கட்டங்கள்தான். கொண்டைக்கு ஒன்றிரண்டு, தாடிக்கு ஐந்தாறு கட்டங்கள் போனால் கண்ணுக்கு இடமில்லை. வள்ளுவரும் தெருமுனையில் நிற்கும் எந்தப் பெரியவரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். 16×16இல் 256 கட்டங்கள். கொண்டையும் தாடியும் தெளிவாக நிற்கும், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பிக்சல், சுவடி நாலைந்து பிக்சல் நீளக் கோடு, எழுத்தாணி ஒற்றைப் பிக்சலில் ஒரு சாய்வு. இது போதும், பார்த்தவுடன் யாரென்று தெரியும். 32×32இல் விரல்கள், தாடியின் நிழல், மடித்த காலின் வேட்டி மடிப்பு எல்லாம் வரும். 64×64இல் முகபாவம்கூட வரும், ஆனால் அங்கே உடற்கூறு தெரியாமல் தப்பிக்க முடியாது. தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் 16இல் யாரும் கவனிக்கமாட்டார்கள். 64இல் எல்லோரும் கவனிப்பார்கள்.

பெரிய அளவு என்றால் நல்ல படம் என்று பொருளல்ல, அதிக வேலை என்றுதான் பொருள். கணக்கைப் பாருங்கள். நாலு திசை, திசைக்கு நாலு ஃப்ரேம் (அசைவின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம்) நடை என்றால் 16 ஃப்ரேம். 16×16இல் மொத்தம் 4,096 பிக்சல், 32×32இல் 16,384, 64×64இல் 65,536. இடப்பக்கத்தைத் திருப்பி வலப்பக்கம் ஆக்கிக்கொண்டால் கால்பங்கு குறையும், அவ்வளவுதான். 64இல் தொடங்குபவர் நடையின் இரண்டாவது ஃப்ரேமிலேயே களைத்துப்போவார்; 16இல் தொடங்குபவர் அதே நேரத்தில் ஒரு முழு நடையை முடித்து, தப்பு தெரிந்து, திரும்பவும் வரைந்திருப்பார். பழகுவதற்கு இரண்டாவதுதான் நல்லது.

8, 16 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்றால், தொண்ணூறுகளில் நம் வீடுகளில் கேசட் போட்டு விளையாடிய டிவி கேம்களுக்கு மூலமான 8 பிட் நின்டெண்டோ இயந்திரத்தில் திரை 256×240. படம் எல்லாமே 8×8 துண்டுகளால் ஆனவை. ஸ்ப்ரைட் 8×8 அல்லது 8×16. பெரிய ஆள் வேண்டுமென்றால் துண்டுகளைச் சேர்த்து ஒட்டினார்கள். ஒரே கிடைவரியில் எட்டு ஸ்ப்ரைட்டுக்கு மேல் வந்தால் சில மறையும். அதைச் சமாளிக்க கேம்கள் அவற்றை மாற்றி மாற்றிக் காட்டியதால்தான் அந்த மினுமினுப்பு. இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. 24, 40, 48 எதுவும் எடுக்கலாம். டைலுக்கு மட்டும் 16 வசதி, ஏனென்றால் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகலாம்.

320×180 திரைக்கு ஆள் 16 அகலம், 24 உயரம் என்று வைப்பது நல்ல தொடக்கம். தலைக்கு 8 அல்லது 9 பிக்சல் கொடுங்கள். நிஜ மனிதருக்குத் தலை உயரத்தில் ஏழில் ஒரு பங்குதான். அதே விகிதத்தில் போட்டால் முகம் 3 பிக்சலாகி உணர்ச்சியே இருக்காது. சுற்றிலும் கருப்பு வெளிக்கோடு போடுவதாக இருந்தால் இரு பக்கமும் ஒவ்வொரு பிக்சல் போய்விடும்: 16 அகலத்தில் உடலுக்கு 14தான் மிச்சம். முகம் நேராகப் பார்க்கும் உருவத்துக்கு 15 போன்ற ஒற்றைப்படை அகலம் வைத்தால் மூக்குக்கு நடுவில் ஒரு பிக்சல் கிடைக்கும். 16 என்றால் நடுவில் இரண்டு பிக்சல் வந்து மூக்கு தடித்துவிடும்.

படி 3: மற்ற பொருள்கள்

ஆள் நிஜத்தில் 165 சென்டிமீட்டர், திரையில் 24 பிக்சல். அப்படியானால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். இந்த ஒரு எண்ணை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவையுங்கள்.

ஆட்டோ சுமார் 2.6 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் உயரம்: 38×25 பிக்சல். பச்சை உடம்பு, மஞ்சள் கூரை, முன் சக்கரம் என்று எல்லாவற்றுக்கும் போதுமான இடம். பஸ் 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்று வையுங்கள்: ஏறக்குறைய 175×44. திரை அகலத்தின் பாதிக்கு மேல் பஸ்ஸே அடைத்துக்கொள்கிறது! அது பிடிக்கவில்லையென்றால் இப்போதே ஆளை 16 பிக்சலாகக் குறையுங்கள். பிக்சலுக்கு 10 சென்டிமீட்டர் ஆகி, பஸ் 116க்கு 29ஆகச் சுருங்கும், ஆட்டோ 25×16 ஆகும். பத்து ஸ்ப்ரைட் வரைந்தபிறகு இது தெரியவந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டியதுதான், ஏனென்றால் பிக்சல் படத்தைப் பாதியாகச் சுருக்க முடியாது. சுருக்கினால் ஒன்றுவிட்டு ஒரு வரிசை காணாமல்போய் ஒற்றைப் பிக்சல் கண்ணும் கூடப் போகும்.

15 மீட்டர் தூங்குமூஞ்சி மரம் 24 பிக்சல் ஆளின் கணக்கில் 200 பிக்சலைத் தாண்டும், திரையே 180தான். அடிமரமும் தாழ்ந்த கிளைகளும் மட்டும் வரையுங்கள். மரம் பெரியது என்ற எண்ணம் அதிலேயே வந்துவிடும். இதற்கு நேரெதிர், காபி டம்ளர்: 10 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரைப் பிக்சல். இப்படிப்பட்ட சின்னப் பொருளுக்கு விகிதத்தை மீறலாம். கையில் பிடித்திருக்கும்போது 2×3, பொருள் பட்டியலில் காட்ட தனியாக 16×16 படம், அதில் டபராவும் சேர்த்து. இரண்டும் தனித்தனியாக வரைந்தவையாக இருக்க வேண்டும்; ஒன்றை இழுத்து இன்னொன்றாக்கக் கூடாது.

கடைப் பலகையில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆங்கில எழுத்துக்கு 5×7 கட்டம் போதும் என்று எல்லாப் பயிற்சிகளிலும் இருக்கும். அதை நம்பித் தமிழ்ப் பலகைக்கு 8 பிக்சல் உயரம் விட்டால் எழுத முடியாது. 'ண' எழுத்தில் நெடுக்குக் கோடுகளே குறைந்தது ஐந்து வரும். நடுவே இடைவெளி விட்டால் அகலம் 9 பிக்சல். உயரத்தில் உடலுக்கு 7, மேலே புள்ளிக்கும் இடைவெளிக்கும் 2, 'மு', 'கு' போன்றவற்றின் கீழ்ச் சுழிக்கு 3, ஆக 12. பெங்களூரில் பலகையின் 60 விழுக்காடு கன்னடத்தில் இருக்க வேண்டும் என்று 2024இல் சட்டம் வந்திருக்கிறது. கன்னடத்தில் ஒத்தெழுத்து அடியில் தொங்கும், அதற்கும் கீழே இடம் வேண்டும். இரண்டு மொழியும் வைத்தால் பலகைக்கு 32 பிக்சல் உயரம் ஒதுக்குங்கள். இடமில்லையென்றால் கடைப்பெயரை மூன்று எழுத்தாகச் சுருக்குவது, எழுத்தை நசுக்குவதைவிட நல்லது.

படி 4: ஃபைலின் கேன்வாஸ்

அசையாத பொருளுக்கு ஸ்ப்ரைட்டைவிடச் சற்றுப் பெரிய கேன்வாஸ் போதும்: ஆட்டோவுக்கு 48×32. அசையும் உருவத்துக்கு, கை கால் அதிகபட்சம் எட்டும் தூரம்வரை இடம் வேண்டும். தெருவில் கிரிக்கெட் ஆடும் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் 16×24, பேட் ஏறக்குறைய 14 பிக்சல். பேட் இரண்டு பக்கமும் வீசப்படும் என்பதால் அகலம் 16+14+14=44, உயரம் 24+14=38. கேன்வாஸ் 48×40. நிற்பது, ஓடுவது, அடிப்பது என எல்லா ஃப்ரேமும் இதே 48×40இல்தான் இருக்க வேண்டும். பாதம் எப்போதும் கடைசி வரிசையில், உடலின் நடு எப்போதும் அகலத்தின் நடுவில். நிற்கும் ஃப்ரேமை மட்டும் 16×24இல் வைத்தால், பேட்டை வீசும் கணத்தில் பையன் ஒரு பக்கமாகக் குதிப்பான்.

பாதி வரைந்தபின் இடம் போதவில்லையென்றால், பிக்சல் படம் வரையும் மென்பொருளான ஏஸ்ப்ரைட்டில் ஸ்ப்ரைட் மெனுவில் 'கேன்வாஸ் சைஸ்' தேர்ந்தெடுங்கள். ஓரத்தில் வெற்றிடம் சேரும். பக்கத்திலேயே இருக்கும் 'ஸ்ப்ரைட் சைஸ்' படத்தையே இழுத்துவிடும். இவை இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகவும் சாதாரணம். ஏஸ்ப்ரைட் காசு கொடுத்து வாங்குவது. இலவசமாக லிப்ரேஸ்ப்ரைட், பிக்சலோராமா, பிரவுசரிலேயே ஓடும் பிஸ்கெல் இருக்கின்றன. வரையும்போது 800 சதவீதப் பெரிதாக்கலில் மூழ்கிவிடாமல், அடிக்கடி 100 சதவீதத்தில் பாருங்கள். ஏஸ்ப்ரைட்டில் எஃப்7 அழுத்தினால் சின்ன முன்னோட்டச் சன்னல் திறக்கும்.

படி 5: வெளியே எடுப்பது

எப்போதும் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் ஓரங்களில் அழுக்குப் படிந்ததுபோல் ஆக்கிவிடும். மூலப் படத்தை 1 மடங்கிலேயே வைத்துக்கொண்டு, காட்டுவதற்கு மட்டும் பெரிதாக்குங்கள். பெரிதாக்கும் முறை 'நியரஸ்ட் நெய்பர்' (நிறங்களைக் கலக்காமல் பிக்சலை அப்படியே பெருக்குவது). கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் இன்டர்பொலேஷன் 'நன்'.

கேம் செய்யும் மென்பொருள்களான கோடோ, யூனிட்டி இரண்டிலும் அமைப்புகளைச் சரிசெய்ய வேண்டும். கோடோ 4இல் வியூபோர்ட் அகலம் 320, உயரம் 180. சன்னல் ஓவர்ரைடு 1280, 720. ஸ்ட்ரெட்ச் மோடு 'வியூபோர்ட்'. ஸ்கேல் மோடு 'இன்டிஜர்'. டெக்ஸ்சர் ஃபில்டர் 'நியரஸ்ட்'. யூனிட்டியில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபில்டர் மோடு 'பாயின்ட்', கம்ப்ரஷன் 'நன்', பிக்சல்ஸ் பெர் யூனிட் 16. படம் மங்கலாகத் தெரிந்தால் முதலில் இந்த ஃபில்டரைத்தான் பார்க்க வேண்டும். படத்தைத் திரும்ப வரையாதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் 1080×1080 சதுரமாகப் போட நினைத்தால் 32×32 நேராகப் பொருந்தாது. 1080ஐ 32ஆல் வகுத்தால் 33.75. 33 மடங்கு பெருக்கி 1056 ஆக்கி, நாலு பக்கமும் 12 புள்ளிக்குப் பின்னணி நிறம் நிரப்புங்கள். ஓரம் வேண்டாமென்றால் தொடக்கத்திலேயே 36×36 (30 மடங்கு), 54×54 (20 மடங்கு) அல்லது 72×72 (15 மடங்கு) கேன்வாஸில் வரையுங்கள்.