பழைய ஹார்ட் டிஸ்க்கை எக்ஸ்டர்னலாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டதும் கழற்றிய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் கையில் மிஞ்சும். யுஎஸ்பி கேஸ் ஒன்றில் செருகினால் எக்ஸ்டர்னல் டிஸ்க் தயார். கீழே போடாதே, தண்ணீர் படாமல் வை என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குயிக் ஃபார்மட்டை நம்புவது

"ஃபார்மட் ஆயிடுச்சு, அப்போ டிஸ்க் நல்லாத்தான் இருக்கு." எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல் தரும் பேச்சு இது. குயிக் ஃபார்மட் புதிதாக எழுதுவது கோப்புப் பட்டியலை மட்டும்தான். மற்ற இடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காது. நொடிகளில் முடிவது அதனால்தான். அந்த நம்பிக்கையில் கல்யாணப் போட்டோ மொத்தத்தையும் கட்-பேஸ்ட் செய்து, போனையும் காலி செய்துவிடுவார்கள். எழுதும்போது டிஸ்க் முரண்டு பிடிக்காது, ஏனென்றால் எழுதியதை அது உடனே திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. ஆறு மாதம் கழித்து ஃபோல்டரைத் திறக்கும்போதுதான் பச்சைக் கோடு பாதியில் நிற்கும்.

முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மூன்று வரிகளைப் பாருங்கள். 05: கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு துண்டுகள்). சி5: படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. சி6: சோதனையில் மீட்க முடியாதவை. எண்ணிக்கையைக் காட்டும் ரா வேல்யூ ஹெக்ஸில், அதாவது 16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறையில் இருக்கும். 64 என்று காட்டினால் 100 என்று பொருள். கேஸ் வழியாக இந்த விவரமே வராவிட்டால் டெஸ்க்டாப்பின் சாட்டா கேபிளில் நேரடியாகப் போட்டுப் பாருங்கள்.

சி5 பூஜ்யம் இல்லையென்றால், ஃபார்மட் பெட்டியில் 'குயிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். யுஎஸ்பி 3-இல் 500 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். ஒவ்வொரு செக்டரிலும் எழுதும்போது, நிலுவையில் உள்ளது தேறும் அல்லது 05-க்குப் போகும். மறுபடி பாருங்கள். சி5 பூஜ்யமாகி, 05 ஏறாமல் இருந்தால் சினிமா வைக்கலாம். 05 ஏறிக்கொண்டே போனால் எதற்கும் ஆகாது. எப்படியானாலும் ஒரே பிரதியை இதில் வைக்காதீர்கள். தரவுப் பரிமாற்றப் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க்கைத் திட்ட வேண்டாம்.

டிக்-டிக் சத்தம் கேட்டதும் தூக்கிப் போடுவது

கரண்ட் போதாவிட்டாலும் இந்தச் சத்தம் வரும். லேப்டாப்பில் வரும் 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 1 ஆம்பியர் வரை இழுக்கும். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 0.5 ஆம்பியர். சிபியூவின் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்கம் செருகுங்கள், குட்டையான கேபிள் போடுங்கள். அப்புறமும் சத்தம் வந்தால்தான் டிஸ்க் போயிற்று.

3.5 அங்குல டிஸ்க்

டெஸ்க்டாப்பில் வரும் பெரிய டிஸ்க் இது. 12 வோல்ட் அடாப்டர் இல்லாமல் ஓடாது.

சிசிடிவி டிவிஆரில் போடுவது

டிவிஆர் (கேமரா காட்சிகளைப் பதியும் பெட்டி) முதல் வேலையாக ஃபார்மட் கேட்கும். உள்ளே இருப்பதை முதலில் எடுத்துவிடுங்கள்.

பழைய எஸ்எஸ்டியை பீரோவில் பூட்டுவது

கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் தரவு கரையும்.

அப்படியே விற்பது

குயிக் ஃபார்மட் செய்த டிஸ்க்கிலிருந்து பழைய கோப்புகளைத் தோண்டி எடுக்க இலவச மென்பொருளே போதும். ஹார்ட் டிஸ்க் என்றால் விண்டோஸின் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, முழுவதையும் அழிக்கும் 'கிளீன் ஆல்' கொடுங்கள். வெறும் 'கிளீன்' பார்ட்டிஷன் விவரத்தை மட்டும்தான் அழிக்கும். எண்டர் தட்டும் முன் 'லிஸ்ட் டிஸ்க்'கில் அளவைப் பார்த்து, தேர்ந்தெடுத்தது எந்த எண் என்று இரண்டு தரம் சரிபாருங்கள். 0 பெரும்பாலும் உங்கள் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்.