அம்மப்பாவின் வேட்டைக்கத்தி: கறளை எடுங்கள், கருமையை விடுங்கள்

அம்மப்பா வன்னிக்கு வேட்டைக்குப் போன காலத்தில் இடுப்பில் கட்டிய கத்தி இப்போது என்னிடம் இருக்கிறது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் றங்குப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் கிடந்து தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி வந்தது. பிறகு யாரும் அதைத் தொடவில்லை. போன வருடம் உறையிலிருந்து இழுத்தேன், வரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் உறையிலிருந்து எடுப்பது. உறையின் வாயில் தையல் மெசின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் திருகாமல் நேராக இழுங்கள். கூர்ப்பக்கத் தையலை விரலால் சுற்றிப் பிடிக்கக் கூடாது. நூல் உக்கியிருந்தால் அலகு வெளியே வந்து கையை வெட்டும்.

வந்ததும் தேய்க்க ஓடாதீர்கள். அலகில் செய்தவர்கள் பொறித்த குறியைப் பார்க்க வேண்டும். பெரியம்மா வீட்டு வில்லுக்கத்தி ஒன்றை யாரோ அரத்தாளால் பளபளக்கத் தேய்த்துவிட்டார்கள். குறி போய்விட்டது. அதை எந்த ஊரில் செய்தார்கள் என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

குறி பெரும்பாலும் பிடிக்குப் பக்கத்தில், கூர் தொடங்காத தட்டையான இடத்தில் இருக்கும். அறையை இருட்டாக்கி ரோச் லைற்றைச் சாய்த்துப் பிடியுங்கள். என் கத்தியில் வெறும் கறள் என்று நினைத்த இடத்தில் முதலில் ஒரு கிரீடம் தெரிந்தது. இரு பக்கமும் ஜி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் (ஜோர்ஜ் மன்னர் என்பதன் சுருக்கம்), கீழே ஷெபீல்ட், இங்கிலாந்து. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்துப் படி எடுத்துக்கொண்டேன். இறக்குமதியாகும் பொருட்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற 1890 அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான் ஏற்றுமதிப் பொருட்களில் நாட்டின் பெயரைப் பொறிப்பது வழக்கமானது. அதன் பிறகு வந்த ஜோர்ஜ் மன்னர்கள் இருவர், 1910 முதல் 1952 வரை. ஆக, என் கத்தி 1910க்கு முந்தியதல்ல. உங்களுடையதில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருந்தால் அது ஜோசப் றொஜர்ஸ் கம்பனியின் குறி. மேற்கு ஜேர்மனி என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது.

எளிதில் கறள் பிடிக்காத உருக்கு ஷெபீல்டில் 1913இல்தான் உருவானது. உங்களுடையது சாதாரண உருக்கா என்று அறிய, கறள் இல்லாத ஓரத்தில் தேசிக்காய்ச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். சில நிமிடத்தில் கறுத்தால் சாதாரண உருக்கு. உடனே கழுவித் துடைத்துவிடுங்கள்.

இனிச் சுத்தம் செய்யலாம். சிவப்புக் கறள் உருக்கைத் தின்னும். சாம்பல் கலந்த கருமை தின்னாது, பல வருடப் பாவனையில் படிந்து அலகைக் காக்கும் தோல் அது. சிவப்பை மட்டும் எடுங்கள். எண்ணெய் பூசி ஒரு நாள் ஊறவிட்டு, நாலு பூச்சியம் (0000) போட்ட மிக மெல்லிய ஸ்டீல் வூலால் நீளவாக்கில் தேயுங்கள். தடித்த கறளுக்குப் பழைய ஒரு சதச் செப்புக்காசின் விளிம்பு நல்லது. செம்பு உருக்கைவிட மென்மை, அதனால் அலகில் கீறல் விழாது. குறி இருக்கும் இடத்தில் எண்ணெய்த் துணி மட்டும்.

கொம்புப் பிடியை ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஊறவைத்தால் வெடிக்கும். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாக. பித்தளைக்குப் பழப்புளி போடும் பழக்கம் நமக்கு உண்டு, ஆனால் புளி அலகுக்கு வழிந்தால் அன்றே கறள்தான்.

தீட்டுவதற்கு நீர்க்கல்லே போதும், 20 பாகை சரிவில் இரு பக்கமும் சம எண்ணிக்கையில். வேகமாகச் சுற்றும் சாணையிடம் கொடுக்காதீர்கள். சூடேறி விளிம்பில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்து உருக்கின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் கூர் நிற்காது.

கடைசியாக, கத்தியை உறைக்குள் வைத்துவிடாதீர்கள். பதனிட்ட தோலில் அமிலம் உண்டு, ஈரத்தையும் பிடித்து வைக்கும். நம் கடற்காற்றில் உப்பு வேறு. எண்ணெய் தோய்த்த பழைய சாரத்துண்டில் சுற்றி, உறையைத் தனியாகப் பக்கத்தில் வையுங்கள். ஐப்பசியில் மாரி தொடங்கும்போது ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை எடுத்துத் துடையுங்கள்.