துருவப் பகுதிகளை வகுப்பறையில் கற்பிப்பது எப்படி?

துருவப் பகுதிகளைப் பற்றிய பாடம் பல வகுப்புகளில் பனிக்கரடியின் படத்தில் தொடங்கி, பனி உருகினால் உலகமே மூழ்கிவிடும் என்ற அச்சத்தில் முடிந்துவிடுகிறது. எந்தப் பனி உருகினால் கடல்மட்டம் உயரும், எது உருகினால் உயராது என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டால், பாதுகாப்பைப் பற்றிய பேச்சு அவர்களுக்குத் தெளிவாகப் புரியும். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு இம்முறை ஏற்றது. உலக உருண்டை, ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள், கூழாங்கற்கள், ஐஸ் கட்டிகள், மார்க்கர் பேனா, ஒரு துணி, வெள்ளை, கறுப்புத் தாள்கள் ஆகியவை போதும்.

படி 1: சுவர் வரைபடத்தைத் தவிர்த்துவிடுங்கள், அதில் அண்டார்க்டிகா அடியில் நீண்டு கிடக்கும் வெள்ளைப் பட்டையாகத்தான் தெரியும். உருண்டையைச் சாய்த்து, வடக்கே நிலத்தால் சூழப்பட்ட கடலும் தெற்கே கடலால் சூழப்பட்ட நிலமும் இருப்பதைப் பிள்ளைகளே விரலால் தொட்டுக் காட்டட்டும். பனிக்கரடி வடக்கில் மட்டும் வாழ்வதையும், அங்கே பென்குயின் கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம்.

படி 2: இதுவே பாடத்தின் உயிர்நாடி என்பதால் அவசரப்பட வேண்டாம். முதல் கிண்ணத்தில் கற்களை நீர்மட்டத்துக்கு மேலே எழும்படி குவித்து, அவற்றின் உச்சியில் ஐஸ் கட்டிகளை வையுங்கள்; இரண்டாவதில் கற்களைத் தாழப் பரப்பி, அதே எண்ணிக்கையிலான கட்டிகளை நீரில் மிதக்கவிடுங்கள். கட்டிகளை வைத்த பிறகே இரண்டிலும் நீர்மட்டத்தைக் கோடிட்டுக் குறிக்க வேண்டும். கற்குவியல் போதிய உயரமில்லாவிட்டால் கட்டி சரிந்து நீரில் விழுந்து சோதனை கெட்டுவிடும். உருகும் முன்பே, என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிவிடட்டும். கிண்ணத்தின் வெளிப்புறம் வியர்க்கும்போது துணியால் துடைத்து, கோட்டைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். கல்லிலிருந்து வழிந்த நீர் முதல் கிண்ணத்தில் கோட்டைத் தாண்டியிருக்கும். மிதந்த கட்டியோ உருகிய பின்னும் மட்டத்தை உயர்த்தியிருக்காது. அண்டார்க்டிகாவிலும் கிரீன்லாந்திலும் இருப்பது முதல் வகைப் பனி. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் கடல் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும் என்று சொல்லும்போதே, அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை.

படி 3: அப்படியானால் வடதுருவத்தின் மிதக்கும் பனி உருகினால் கேடில்லையா என்று யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். வெள்ளைத் தாளையும் கறுப்புத் தாளையும் சிறிது நேரம் வெயிலில் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெண்பனி சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, கருமையான கடல்நீரோ அதை உள்வாங்கிச் சூடேறுகிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். பனிக்கரடி சீல்களை வேட்டையாடுவதற்கு அந்தக் கடற்பனியே களம்.

படி 4: பாதுகாப்பை அறிவுரையாகச் சொல்லாமல், மனிதர்கள் செய்துகாட்டிய செயலாகச் சொல்லுங்கள். 1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் உடன்படிக்கை அக்கண்டத்தை அமைதிக்கும் அறிவியலுக்கும் ஒதுக்கியது. 1991இல் மாட்ரிட்டில் ஏற்கப்பட்ட அதன் சுற்றுச்சூழல் நெறிமுறை அங்கே கனிமச் சுரங்கங்களைத் தடைசெய்தது. அயல் உயிரினங்கள் கூடாது என்பதால், பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்கள்கூட 1994க்குள் வெளியேற்றப்பட்டன என்ற செய்தி பிள்ளைகளை மிகவும் ஈர்க்கும். இந்தியா 1983இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. மைத்ரி, பாரதி என்னும் நம் ஆய்வு நிலையங்களை உருண்டையில் குறித்துக் காட்டுங்கள்.

பிறகு வகுப்பைச் சில நாடுகளாகப் பிரித்து, அண்டார்க்டிகக் கடலில் கிரில் என்னும் சிற்றுயிரைப் பிடிக்கலாமா, எவ்வளவு பிடிக்கலாம் என்று பேசவிடுங்கள். பென்குயின், சீல், திமிங்கிலம் ஆகியவற்றின் உணவு அது என்பதை முன்னரே சொல்லியிருக்க வேண்டும். அக்கடலைப் பற்றி நாடுகள் கூடிப் பேசும் உண்மையான கூட்டங்களைப் போலவே, ஒரு நாடு மறுத்தாலும் முடிவில்லை என்பதே விதி. 2016இல் அண்டார்க்டிகாவை ஒட்டிய ராஸ் கடல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டதும், பல ஆண்டுப் பேச்சுக்குப் பின், இத்தகைய ஒருமித்த இசைவால்தான்.

படி 5: மறுநாள், உருண்டையைப் பார்க்காமல் இரு துருவங்களையும் மேலிருந்து பார்ப்பதுபோல் வரையச் சொல்லுங்கள். வடதுருவத்தில் நிலத்தை வரைந்த பிள்ளையோடு மட்டும் முதல் படியை மீண்டும் ஒருமுறை செய்தால் போதும்.