பனித்தகடு விட்டுச்சென்ற நிலவுருவங்கள்: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் புவியியலில் இந்தப் பகுதிக்கு விடை எழுதும்போது பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழை, பனித்தகடு, அதாவது நிலத்தை மூடிப் பரந்து மெல்ல ஊரும் பெரும் பனிக்கட்டி, பின்வாங்கும்போது வந்த வழியே திரும்பிப் போவதாக எழுதுவது. அது எப்போதும் முன்னோக்கித்தான் நகரும். விளிம்பில் உருகுவது, பின்னாலிருந்து வந்துசேர்வதைவிடக் கூடும்போது விளிம்பு மட்டும் பின்னுக்குப் போகிறது. இது பிடிபடாவிட்டால் முனை மொரெயினும் விளங்காது. உருகலும் வரவும் சமமாகி விளிம்பு ஓரிடத்தில் தரித்து நிற்க, பனிக்கட்டி ஓயாமல் சுமந்துவரும் கல்லும் மண்ணும் அங்கேயே கொட்டுண்டு மேடாகின்றன; அதுவே முனை மொரெயின். பின்வாங்கும் வழியில் பல தடவை தரித்தால் மேடுகளும் பல.

எல்லாப் படிவையும் மொரெயின் என்று எழுதுவது அடுத்த பிழை. பனிக்கட்டி நேரே போட்ட டில்லில் களியும் பாறாங்கல்லும் கலந்து கிடக்கும், படைகள் இராது, சில கற்களில் கீறல் தெரியும். உருகுநீர் கொண்டுபோனதோ பருமன்வாரியாகப் பிரிந்து, படைபடையாக, உருண்ட கற்களோடு இருக்கும். எஸ்கர் இந்த இரண்டாம் வகை. பனிக்கட்டிக்கு அடியில் குகைபோன்ற வழியில் ஓடிய ஆறு விட்ட மணலும் பரலுமே அது. மேலிருக்கும் பனியின் அழுத்தம் நீரை ஏற்றத்திலும் தள்ளுவதால், எஸ்கர் சில இடங்களில் மேட்டில் ஏறியும் செல்லும். பின்லாந்தின் புங்காஹர்யு முகடு இதற்கு நல்ல உதாரணம்.

டிரம்லின் படத்தில் அம்புக்குறிதான் சிக்கல். கவிழ்த்த கரண்டி போன்ற அந்த மேட்டின் உயர்ந்த, செங்குத்தான முனை பனி வந்த பக்கம். மெலிந்து சரியும் வால் பனி போன பக்கம். ரோச் மூட்டோனே என்ற பாறைமேடு நேர்மாறு: வந்த பக்கம் தேய்ந்த மென்சாய்வு, போன பக்கம் கல் பிடுங்கப்பட்ட செங்குத்து. அதோடு அது அடிப்பாறை. டிரம்லின் பெரும்பாலும் படிவு. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பழகுங்கள்.

கெட்டில் குழியைப் பனிக்கட்டி தோண்டவில்லை. படிவுக்குள் புதையுண்ட பனிக்கட்டித் துண்டு உருக, மேல்மண் இறங்கியதால் வந்த பள்ளம் அது.

உள்ளூர் உதாரணம் சேர்க்கும் ஆசையிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்காட்டு மணற்குன்றுகள் காற்றின் வேலை. அங்குள்ள நிலாவரைக் கிணறு, சுண்ணாம்புக்கல் நீரில் கரைந்து உண்டானது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மேல் பனித்தகடு ஒருபோதும் ஊர்ந்ததில்லை. பனியுகம் இங்கே தன் விளைவைக் காட்டியது கடல்மட்டத்தில்தான்: ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த பாக்குநீரிணை அப்போது தரையாகக் கிடந்ததற்குக் காரணம், கடல்நீரின் ஒரு பங்கு வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பனித்தகடாகத் தேங்கியது. நீரிணை உறைந்ததால் என்று எழுதிவிடாதீர்கள்.