சாயக்கழிவு பாய்ந்த நிலத்தில் நீர் இறங்குகிறதா என்று சோதிப்பது எப்படி?

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு பல்லாண்டுகள் நொய்யலில் கலந்ததால், பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையே கழிவுநீர்த் தேக்கமாக மாறிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு ஆற்றுக்கு வரும் கழிவு குறைந்தாலும், களிமண்ணில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட சோடியம் தானாக வெளியேறுவதில்லை. அந்தச் சோடியம் நிலத்தின் நீர் ஊடுருவுதிறனை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்பதை விவசாயி தம் வயலிலேயே பெருமளவு கண்டறிந்துவிடலாம்.

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குச் சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட்டும், அது நிலைத்து நிற்பதற்குச் சலவைச் சோடாவும் (சோடியம் கார்பனேட்) மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. இந்த நீர் வயலில் பாயும்போது, களிமண் துகள்களைச் சிறு கட்டிகளாகப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியத்தைச் சோடியம் இடம்பெயர்க்கிறது. பிணைப்பு தளர்ந்த துகள்கள் நீரில் உப்பிப் பிரிந்து, கீழே இறங்கும் நீரோடு நகர்ந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கின்றன. காய்ந்ததும் மேற்பரப்பில் கெட்டியான பொருக்கு உருவாகிறது.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கழிவுநீரில் மொத்த உப்பு மிக அதிகமாக இருக்கும்வரை, அந்த உப்பின் செறிவே துகள்களைப் பிரியவிடாமல் வைத்திருக்கும். எனவே நிலம் நன்றாகத் தண்ணீர் குடிப்பதுபோலவே தோன்றும். மழை பெய்து மேல்மண்ணின் உப்பு கரைந்து இறங்கியதும், சோடியம் மட்டும் களிமண்ணில் தங்கிவிட, துகள்கள் பிரிந்து துளைகள் அடைபடுகின்றன. உப்பு மிகுந்த உவர் நிலம், சோடியம் மிகுந்த களர் நிலமாவது இவ்வாறுதான். உப்பேறிய கிணற்று நீரை மட்டும் ஊற்றிப் பார்த்து நிலம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது, என் கருத்தில், சோதிக்காமல் இருப்பதைவிட மோசமானது.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. மேல்மண்ணிலும் ஓரடி ஆழத்திலும் எடுத்த மண்கட்டிகளை நிழலில் உலர்த்தி, ஏறத்தாழ 5 மி.மீ. அளவுள்ள ஒரு துண்டைக் கண்ணாடிக் குவளையில் உள்ள மழைநீரில் மெல்ல இட்டு, அசைக்காமல் வைக்க வேண்டும். மழைநீர் இல்லையென்றால் கடையில் விற்கும் பேட்டரி தண்ணீர் போதும். கட்டி வெறுமனே உதிர்ந்து விழுந்தால் அச்சமில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் அதைச் சுற்றிப் பால் கலந்ததுபோன்ற கலங்கல் பரவினால் சோடியம் வேலை செய்துவிட்டது என்று பொருள். மறுநாளும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது வளையச் சோதனை. 30 செ.மீ. விட்டமும் அதே உயரமும் கொண்ட இரும்பு வளையத்தைச் சுமார் 10 செ.மீ. ஆழத்துக்குச் செங்குத்தாக அடித்து இறக்கி, அதைச் சுற்றி 60 செ.மீ. விட்டமுள்ள வெளிவளையத்தையும் அடிக்க வேண்டும். வெளிவளையத்து நீர் பக்கவாட்டுக் கசிவை ஈடுசெய்வதால், உள்வளையத்து நீர் நேர்கீழாக இறங்கும். மண் கலையாதபடி சாக்குத் துண்டின்மேல் நீரை ஊற்றி, இரண்டிலும் மட்டத்தை ஒன்றாக வைத்து, உள்ளே நீர் குறையும் அளவை அளவுகோலால் குறித்துவர வேண்டும். தொடக்க வேகம் எப்போதும் அதிகமாகவே இருக்கும். வேகம் மாறாமல் நிலைத்தபின் கிடைக்கும் எண்ணே நமக்குத் தேவை. மணிக்கு 20 முதல் 30 மி.மீ. வரை என்பது மணல்கலந்த வண்டலுக்கும், 1 முதல் 5 மி.மீ. வரை என்பது களிமண்ணுக்கும் இயல்பான அளவு. ஆயினும் கழிவு பாயாத, அதே மண்வகையுள்ள பக்கத்து வயலோடு ஒப்பிடுவதே நம்பத்தக்கது. கிணற்று நீரில் வேகம் நிலைத்ததும், அதே இடத்தில் மழைநீரை ஊற்றித் தொடருங்கள். வேகம் சரிந்துவிட்டால் மேலே சொன்ன அடைப்பு உங்கள் நிலத்தில் நடக்கிறது.

பிறகு மண் பரிசோதனை நிலையத்தில் மாற்றீட்டுச் சோடியத்தின் விழுக்காட்டைக் (களிமண் பிடித்துவைத்திருக்கும் கால்சியம் போன்ற அயனிகளில் சோடியத்தின் பங்கு) கேட்டுப் பெற வேண்டும்; 15-க்கு மேல் இருந்தால் அது களர். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டுவதும் அதற்கு ஓர் அறிகுறி. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனில் உவருக்கான எல்லையான மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் என்பது, மண்ணை நீரில் குழைத்துப் பிழிந்தெடுக்கும் செறிவூட்டிய மண்சாற்றுக்கு உரியது. நீரைக் கூடுதலாகக் கலந்து அளந்த எண்ணை அதனோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது.

களர் என்று உறுதியானால் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்டு) இடலாம்; அதன் கால்சியம் களிமண்ணில் உள்ள சோடியத்தை விலக்கும். 100 கிராம் மண்ணில் 1 மில்லிச் சமான அளவு (ஆய்வக அறிக்கையில் வரும் அலகு) சோடியத்தை, ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்துக்கு அகற்ற, ஏறக்குறைய 780 கிலோ தூய ஜிப்சம் தேவை. அதை மேல்மண்ணில் கலந்தபிறகே நல்ல நீரைத் தேக்க வேண்டும்; முதலில் நல்ல நீரால் உப்பைக் கழுவிவிட்டுப் பிறகு ஜிப்சம் இடுவது தலைகீழான வேலை. அடுத்துத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது துளைகளைத் திறக்க உதவும். தோல் பதனிடும் ஆலைக் கழிவு பாய்ந்த நிலமாயின், ஜிப்சம் சோடியத்தைத்தான் விலக்குமே தவிர, குரோமியத்தை அகற்றாது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

எல்லா இரசாயனமும் மண்ணை அடைப்பதில்லை. செறிந்த கரிமக் கரைப்பான்கள் களிமண்ணைச் சுருங்கவைத்து வெடிப்புகளை உண்டாக்குவதால் நீர் விரைவாகவே இறங்கும். அந்த வேகத்தைக் கண்டு மகிழக் கூடாது, கழிவு நிலத்தடி நீரைச் சென்றடைய அதுவே வழி. ஜிப்சம் இட்ட நிலத்திலும் இதே கவனம் வேண்டும்: கரைந்து இறங்கும் சோடியம் சல்பேட்டுக்கு வடிகால் அமைக்காவிட்டால், அது கீழ்மண்ணிலேயே தேங்கிக் கோடையில் மேலேறி வரும், வடிகாலைப் பக்கத்துக் கிணற்றின் பக்கம் திருப்பினால் அந்தக் கிணறு கெடும்.